பேருக்கு ஒரு டைரக்டர்

மாசி மகத்தன்று சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும்போதுதான் வெளியூர்க்காரர்களுக்கு வைத்திக்குப்பம் ஞாபகம் வரும். எனக்கு அது பள்ளிக்கூட நண்பனின் ஊர். போன மாதம் (அக்டோபர் 2025) ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தேன். அவன் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் ஃபைலையும் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணா, டைரக்டரா இருந்தா இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் போட்டே ஆகணுமா? இவரு தேவையே இல்லன்றாரு. பேங்க்ல மூணு வருஷத்து ரிட்டர்ன் ரெண்டு பேருதும் கேக்கறாங்க."

விஷயம் இதுதான். கொரோனா சமயத்தில் மீன் வாங்கி, சுத்தம் பண்ணி, ஐஸ் போட்டு வீட்டுக்கு வீடு கொடுக்கிற தொழிலை நண்பன் ஆரம்பித்தான். 2021-இல் அதைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றினான். அதற்குக் குறைந்தது இரண்டு டைரக்டர் வேண்டும். அவன் ஒன்று. இரண்டாவது ஆளுக்கு வெளியில் தேடுவானேன் என்று மனைவி பேரைப் போட்டுவிட்டான். நம்ம ஊரில் 'பிஒய்' என்ற எழுத்து நடுவில் வரும் கம்பெனி எண்களை எடுத்துப் பார்த்தால், சின்னக் கம்பெனிகளில் இரண்டாவது டைரக்டர் மனைவியாகவோ அம்மாவாகவோ இருப்பது சகஜம். இப்போது குளிர்சாதன வண்டி வாங்க லோன் கேட்டிருக்கிறான். அங்கேதான் சிக்கியது.

நான் ஆடிட்டர் இல்லை. பி.இ. படித்து சாஃப்ட்வேர் எழுதுகிறவன். ஆனால் சட்டப் பிரிவுகளைப் படிப்பதில் ஒரு கிறுக்கு உண்டு. அதுவும் ஒரு வகை நிரல்தான், 'இப்படி இருந்தால் அப்படி' என்று போகும். அன்று ஆரம்பித்து இரண்டு வாரம் தோண்டியதை இங்கே எழுதி வைக்கிறேன். பிரிவு எண்கள் எல்லாம் 1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தினுடையவை. (அந்தச் சட்டமே நமக்கு, அதாவது பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்த புதுச்சேரிக்கு, 1963-இல்தான் நீட்டிக்கப்பட்டது.) 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் வருடப் புதுச் சட்டம் வருகிறது. அதில் ரிட்டர்ன் பற்றிய 139-ஆம் பிரிவு 263 ஆகிவிடும். 2024-25 நிதியாண்டுக் கணக்குக்கு இன்னும் பழைய சட்டம்தான்.

நாற்காலிக்கு ரிட்டர்ன் கிடையாது

முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: டைரக்டர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் தனிப்பட்ட ரிட்டர்ன் போட வேண்டும் என்று 139(1) எங்கேயும் சொல்லவில்லை. இந்த அளவில் நண்பன் சொன்னது சரி.

"டைரக்டர்னா கட்டாயம் போடணும்" என்று பலர் அடித்துச் சொல்வார்கள். இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதும் இல்லை. பிரிட்டனில் வரித்துறையின் வழிகாட்டியிலேயே கம்பெனி டைரக்டர்கள் ரிட்டர்ன் போட வேண்டும் என்று வெகுகாலம் எழுதியிருந்தது. சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை என்று 2017-இல் அங்கே முதல்நிலைத் தீர்ப்பாயம் ஒரு வழக்கில் சொன்னது. துறையின் வழிகாட்டி வேறு, சட்டம் வேறு.

நம் சட்டம் பார்ப்பது வருமானத்தை. மொத்த வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால் ரிட்டர்ன் போட வேண்டும். 80சி போன்ற கழிவுகளைக் கழிப்பதற்கு முந்தைய தொகையை வைத்துத்தான் இந்தக் கணக்கு. புது வரி முறையில் 2024-25-க்கு வரம்பு 3 லட்சம், 2025-26-க்கு 4 லட்சம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். "12 லட்சம் வரைக்கும் வரி இல்லன்னு பட்ஜெட்ல சொன்னாங்களே" என்பார்கள். வரி இல்லை, உண்மை. ஆனால் அது 87ஏ தள்ளுபடியால் வரி பூஜ்யமாவது. 4 லட்சத்தைத் தாண்டியதும் ரிட்டர்ன் போடும் கடமை வந்துவிடுகிறது. தள்ளுபடியைக் கேட்டு வாங்குவதே அந்த ரிட்டர்னில்தான்.

வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் இழுத்துப்போடும் சில கண்ணிகள் உண்டு: வருடத்தில் 1 லட்சத்துக்கு மேல் கரண்ட் பில், 2 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுப் பயணச் செலவு, நடப்புக் கணக்கில் 1 கோடிக்கு மேல் டெபாசிட், சேமிப்புக் கணக்கில் 50 லட்சம், 25,000 ரூபாய்க்குக் குறையாத டிடிஎஸ் பிடித்தம் (மூத்த குடிமக்களுக்கு 50,000). கம்பெனியின் நடப்புக் கணக்கில் விழும் பணம் கம்பெனியுடையது, டைரக்டருடையது ஆகாது. அந்த ஒரு கோடியைப் பார்த்து நண்பன் பயப்பட வேண்டியதில்லை.

இதில் புதுச்சேரிக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. இந்தியாவில் சாதாரணமாக வசிப்பவர் ஒருவருக்கு வெளிநாட்டில் வங்கிக் கணக்கு இருந்தாலோ, வேறு ஒருவருடைய வெளிநாட்டுக் கணக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இருந்தாலோகூட, ஒரு ரூபாய் வருமானம் இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் கட்டாயம். பிரான்சில் பென்ஷன் வாங்கும் தாத்தா, "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ எடுத்துக்கோ" என்று பேத்தி பேரையும் கணக்கில் சேர்த்து வைத்திருக்கும் வீடுகள் இங்கே உண்டு. 2015-ஆம் வருடக் கருப்புப் பணச் சட்டத்தில் இதற்கு அபராதம் 10 லட்சம். 2024 அக்டோபர் முதல், வெளிநாட்டுச் சொத்து (வீடு, நிலம் நீங்கலாக) மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று தளர்த்தினார்கள். அபராதம்தான் போனது, ரிட்டர்ன் போட்டுக் காட்டும் கடமை அப்படியே இருக்கிறது.

கையில் வராத சம்பளம்

"அப்ப எனக்கு வேணாம்தானே அண்ணா? எனக்கு வந்ததே ஒன்றரை லட்சம்தான்."

ஃபைலைப் பிரித்தேன். கம்பெனிக் கணக்கில் அவருக்கு மாதம் 30,000 ரூபாய் டைரக்டர் சம்பளம் என்று எழுதியிருந்தது. ஐந்து மாதம்தான் உண்மையில் கொடுத்திருக்கிறார்கள். மீதி ஏழு மாதம் 'கொடுக்க வேண்டிய சம்பளம்' என்று ஏட்டில் உட்கார்ந்திருக்கிறது. மழைக்காலத்திலும் தடைக்காலத்திலும் மீன் வரத்து இல்லை, காசு இல்லை, அவ்வளவுதான்.

15-ஆம் பிரிவுப்படி சம்பளத்துக்கு வரி, அது சேர வேண்டிய நாளிலோ கைக்கு வந்த நாளிலோ, எது முந்தியோ அதில் விழும். கைக்கு வந்ததா என்பது கேள்வியே இல்லை. ஆக அவருடைய சம்பள வருமானம் 1,50,000 இல்லை, 3,60,000. நிலையான கழிவு 75,000 போனால் 2,85,000. அப்பாடா, 3 லட்சத்துக்குக் கீழே என்று நண்பன் மூச்சு விட்டான். அதற்குள் அவர், "எங்க அம்மா போட்டுக் குடுத்த எஃப்டி வட்டி ஒரு 38,000 வந்துச்சு" என்றார். 3,23,000.

கோட்டைத் தாண்டியாயிற்று. வரி பூஜ்யம்தான், ஆனால் ரிட்டர்ன் போட்டிருக்க வேண்டும். கடைசித் தேதியை இந்த வருடம் ஜூலை 31-இலிருந்து செப்டம்பர் 15 என்றும், பிறகு ஒரு நாள் கூட்டி 16 என்றும் தள்ளினார்கள். அதுவும் போய்விட்டது. இனி டிசம்பர் 31-க்குள் தாமத ரிட்டர்ன். 5 லட்சத்துக்குக் கீழ் வருமானம் என்பதால் 1,000 ரூபாய் தாமதக் கட்டணம். அதற்கு மேல் இருந்திருந்தால் 5,000.

சின்னக் கம்பெனிகளில் இந்த 'ஏட்டுச் சம்பளம்' பெரிய வியாதி. கம்பெனிக்குச் செலவு காட்டி லாபத்தைக் குறைக்கலாம் என்று கணக்கு எழுதுபவர் ஒரு வரி போட்டுவிடுகிறார். அந்த வரி இன்னொருவருடைய ரிட்டர்னில் போய் வருமானமாக முளைக்கிறது. சம்பந்தப்பட்டவருக்கே தெரிவதில்லை.

ஒரு கிளைக் கதை. குப்பத்தில் பலர் மீன் வருமானம் விவசாய வருமானம் மாதிரி, வரியே கிடையாது என்று நினைக்கிறார்கள். விவசாய வருமானத்துக்கான இலக்கணம் நிலத்தில் தொடங்குகிறது. கடலில் பிடித்த மீன் அதில் சேராது.

எந்தப் படிவம்

நாற்காலிக்கென்று ரிட்டர்ன் இல்லையே தவிர, ரிட்டர்ன் போடப் போனால் அந்த நாற்காலி கூடவே வந்து நிற்கும். இதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். கல்லூரி நண்பனோடு சேர்ந்து 2015-இல் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பித்தேன். கம்பெனி ஓடவில்லை. நான் வேலைக்குப் போய்க்கொண்டே வருடா வருடம் ஐடிஆர்-1 போட்டு வந்தேன். 2019-லும் அதையே போட்டேன். சில மாதம் கழித்து 139(9)-இன் கீழ் 'குறைபாடுள்ள ரிட்டர்ன்' என்று மின்னஞ்சல். 15 நாள் அவகாசம். நான் பார்த்தபோது பதினோராவது நாள். சரி செய்யாவிட்டால் அந்த ரிட்டர்ன் போடவே இல்லை என்று ஆகிவிடும்.

தப்பு என்னுடையதுதான். 2019-20 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து கம்பெனி டைரக்டரும், பட்டியலிடப்படாத பங்கு வைத்திருப்பவரும் ஐடிஆர்-1, ஐடிஆர்-4 இரண்டையும் தொடக்கூடாது என்று மாற்றிவிட்டார்கள். சம்பளம், வட்டி, வாடகை என்றால் ஐடிஆர்-2. சொந்தத் தொழில் வருமானமும் இருந்தால் ஐடிஆர்-3. அந்த வருடத்தில் ஒரே ஒரு நாள் டைரக்டராக இருந்திருந்தாலும் இதுதான். கம்பெனி பேர், அதன் பான், உங்கள் டின் எண் எல்லாம் கேட்கும். கம்பெனிப் பங்குகள் வருடத் தொடக்கத்தில் எத்தனை, நடுவில் வாங்கியது விற்றது எத்தனை, முடிவில் எத்தனை என்று தனி அட்டவணை. பத்து ரூபாய் முகமதிப்புள்ள ஆயிரம் பங்கு வைத்திருப்பவரும் நிரப்ப வேண்டும். நெட் சென்டரில் 300 ரூபாய்க்கு ரிட்டர்ன் போட்டுத் தருபவர் "டைரக்டரா?" என்று கேட்கப் போவதில்லை. நீங்களாகச் சொல்ல வேண்டும்.

ஏன் இந்தக் கெடுபிடி? 2017-இல் மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளைப் பதிவேட்டிலிருந்து அடித்தது. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட டைரக்டர்கள் தகுதி இழந்தார்கள். டிரைவர், சமையல்காரர் பேரில் எல்லாம் கம்பெனி நடந்தது அப்போது வெளியே வந்தது. அதற்கு அடுத்து வந்த படிவங்களில்தான் டின் எண் கேட்கத் தொடங்கினார்கள். பான் எண்ணையும் டின் எண்ணையும் ஒரே தாளில் எழுத வைத்தால் இரண்டு பதிவேடுகளை ஒட்டிப் பார்க்கலாம். தரவுத்தளத்தில் வேலை பார்த்தவனுக்கு இதன் பின்னாலுள்ள யோசனை உடனே புரியும். இது என் ஊகம்தான். ஆனாலும் வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

"இவ பேருக்குத்தான்டா"

அன்று சாயங்காலம் முழுக்க நண்பன் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு வாக்கியம் உண்டு. "இவ பேருக்குத்தான்டா டைரக்டர். இவளுக்கு ஒண்ணும் வராது."

மனைவியைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னான். ஆனால் அந்த வாக்கியத்துக்குச் சட்டத்தில் இரண்டு இடத்தில் விலை இருக்கிறது.

முதல் இடம் 64(1). கணவனுக்குக் கணிசமான பங்கு (கம்பெனி என்றால் 20 சதவீத வாக்குரிமை, உறவினர் பங்கையும் சேர்த்து) இருக்கும் நிறுவனத்தில் மனைவி சம்பளம் வாங்கினால், அந்தச் சம்பளம் கணவன் வருமானத்தோடு சேர்க்கப்படும். இரண்டு பேருக்கும் அப்படிப் பங்கு இருந்தால், இருவரில் யாருடைய மற்ற வருமானம் அதிகமோ அவர் தலையில். இவனுக்குக் கடை வாடகை வருகிறது, ஆகவே இவன் தலையில். தப்பிக்க ஒரே வழி: மனைவிக்குத் தொழில்நுட்ப அல்லது தொழில்முறைத் தகுதி இருந்து, சம்பளம் அந்த அறிவுக்காகவும் அனுபவத்துக்காகவும் மட்டுமே கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். 'தகுதி' என்றால் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை, வேலை தெரிந்திருந்தாலே போதும் என்ற பொருளில் 1980-களில் ஆந்திர உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆக, 'பேருக்குத்தான்' என்றால் 3,60,000-மும் நண்பன் வருமானத்தில் ஏறும். அவன் 7 லட்சத்துக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவன் (2024-25-க்குத் தள்ளுபடி அதுவரைதான்). அந்தக் கோட்டைத் தாண்டினால் நிஜமாகவே வரி கட்ட வேண்டும்.

பிரான்சில் இந்தத் தகராறே இல்லை. அங்கே கல்யாணமானவர்கள் குடும்பமாக ஒரே பிரகடனம் கொடுக்கிறார்கள். வருமானத்தைச் சேர்த்துக் குடும்ப அளவுக்கு ஏற்பப் பங்கு போட்டு வரி. நம் சட்டத்தில் கணவனும் மனைவியும் வரிக்குத் தனித்தனி ஆள். அதனால்தான் வருமானத்தை மனைவி பக்கம் தள்ளிவிடும் ஆசை வருகிறது, அதை மறிக்க 64 வருகிறது.

இரண்டாவது இடம் 179. பிரைவேட் கம்பெனி கட்ட வேண்டிய வரியைக் கம்பெனியிடமிருந்து வசூலிக்க முடியாமல் போனால், அந்த வருடத்தில் டைரக்டராக இருந்த ஒவ்வொருவரும் அதற்குப் பொறுப்பு. தன்னுடைய பெரும் கவனக்குறைவோ முறைகேடோ கடமை மீறலோ காரணம் இல்லை என்று டைரக்டர்தான் நிரூபிக்க வேண்டும். 'நான் பேருக்குத்தான், எனக்கு ஒன்றும் தெரியாது' என்பதைக் கவனக்குறைவின் ஒப்புதலாகவே ஒருவர் வாசிக்க முடியும். 'லிமிடெட்' என்ற சொல்லை நம்பி வீட்டுப் பெண்கள் பேரில் கையெழுத்து வாங்குகிறவர்கள் இந்தப் பிரிவை ஒருமுறை வாசித்துவிட்டு வாங்கலாம்.

நண்பனிடம் கேட்டேன். "சம்பளம் குடுத்தது வேலைக்குன்னு ஒரு இடத்துல சொல்லுவ. வேலையே செய்யல, பேருக்குத்தான்னு இன்னொரு இடத்துல சொல்லுவ. எதுடா நெசம்?"

அவன் பதில் சொல்வதற்கு முன் அவர் சொன்னார். "காலைல நாலு மணிக்கு ஐஸ் எவ்ளோன்னு சொல்றது யாரு? ஆர்டர் எழுதறது, ஜிஎஸ்டிக்கு பில் அடுக்கறது யாரு? பி.காம் படிச்சவ நானு."

நண்பன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்பெனியின் ரிட்டர்ன்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தனி மனிதருக்குத்தான் வரம்பு எல்லாம். கம்பெனி லாபமோ நஷ்டமோ, ஒரு ரூபாய் வரவு இல்லாவிட்டாலும் வருடா வருடம் ரிட்டர்ன் போட வேண்டும். போடாவிட்டால் வழக்குத் தொடரும் பிரிவு 276சிசி. வரி 10,000 ரூபாய்க்குள் என்றால் தனி ஆளுக்கு அதில் விலக்கு உண்டு. கம்பெனிக்கு அந்த விலக்கை 2018-இல் எடுத்துவிட்டார்கள். கம்பெனியை நடத்தும் பொறுப்பில் இருந்தவர்களும் 278பி-இன் கீழ் அதில் வருவார்கள். கம்பெனிப் பதிவாளருக்குப் போடும் வருடாந்திரப் படிவங்கள் இரண்டும் தனி. தாமதமானால் படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய். இரண்டையும் ஒரு வருடம் மறந்தால் 73,000. மூன்று வருடம் தொடர்ந்து விட்டால் டைரக்டருக்கு ஐந்து வருடத் தகுதி இழப்பு. என் ஓடாத கம்பெனியை முறைப்படி மூட நான் கட்டிய பணத்தில் ஒரு நல்ல லேப்டாப் வாங்கியிருக்கலாம்.

இன்னொன்று, நண்பன் மச்சினி கல்யாணத்துக்குக் கம்பெனிக் கணக்கிலிருந்து 2 லட்சம் எடுத்திருந்தான். 'அப்புறம் போட்டுடலாம்' என்ற கணக்கு. 10 சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமை உள்ள பங்குதாரருக்கு இப்படிக் கொடுக்கும் கடன், கம்பெனியில் சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவுக்கு, 2(22)-இன்படி டிவிடெண்ட் ஆகக் கருதப்படும். திருப்பிக் கட்டினாலும் டிவிடெண்ட்தான். கம்பெனிச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு டைரக்டருக்குக் கடன் கொடுப்பதையே தடுக்கிறது என்பது வேறு. இதை அவன் ஆடிட்டரிடம் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

வங்கி கேட்ட மூன்று வருடம்

முந்தைய இரண்டு வருடங்களில் ஏட்டுச் சம்பளம் கிடையாது. அவருக்கு வட்டி மட்டும்தான் வருமானம். ரிட்டர்ன் போட வேண்டிய கடமை இல்லை. போடவும் இல்லை. இப்போது போடலாமா? முடியாது. அந்த வருடங்களுக்கான தாமத ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது. நான்கு வருடம் வரை போகலாம் என்று சொல்லப்படும் 'புதுப்பித்த ரிட்டர்ன்' கூடுதலாக வரி கட்ட வேண்டியவர்களுக்கானது. வரியே இல்லாதவருக்கு அதில் இடமில்லை. சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தவரிடம் காட்டக் காகிதம் இல்லை, அதுதான் வேடிக்கை.

இதனால்தான் டைரக்டராக இருப்பவர், வரம்புக்குக் கீழே இருந்தாலும் வருடா வருடம் ஐடிஆர்-2 போட்டு வைப்பது நல்லது என்பது என் கட்சி. கெடுவுக்குள் போட்டால் கட்டணம் இல்லை, அரை மணி நேர வேலை. பழைய இரண்டு வருடத்துக்கு, ரிட்டர்ன் போடும் கடமை அவருக்கு இல்லை என்று ஆடிட்டர் ஒரு கடிதமும், துறையின் தளத்திலிருந்து வருடாந்திரத் தகவல் அறிக்கையும் கொடுத்துப் பார்க்கலாம் என்றேன். வங்கி ஒப்புக்கொள்ளுமா என்பது மேனேஜர் கையில்.

இந்த வருட ரிட்டர்னை அங்கேயே போட உட்கார்ந்தோம். அவர் பான் எண்ணைத் தட்டி, கடவுச்சொல் மறந்ததால் ஓடிபி கேட்டோம். நண்பனின் போன் அடித்தது. டின் எண்ணுக்கும் அவன் நம்பர்தான், மின்னஞ்சலும் அவனுடையதுதான். நான்கு வருடமாக டைரக்டருக்கு வந்த செய்தி ஒன்றுகூட டைரக்டருக்குப் போகவில்லை.

"முதல்ல அந்த நம்பர மாத்துங்கண்ணா, அப்புறம் ரிட்டர்ன் போடலாம்" என்றார்.

மாற்றி முடிக்க இருட்டிவிட்டது. ரிட்டர்னை அடுத்த ஞாயிறு போட்டோம். பங்கு அட்டவணையை அவரே நிரப்பினார்.